சனையாவுல இருந்து அம்மாவுக்கு

தோஹா, 2025 ஜூலை 4, வெள்ளி ராத்திரி

அன்புள்ள அம்மாவுக்கு, இயேசுவின் நாமத்துல ஸ்தோத்திரம். கர்த்தருடைய கிருபையால நான் நல்லா இருக்கேன், அங்க நீங்க, அக்கா, அத்தான், பிள்ளைக எல்லாரும் சுகமா இருக்க ஜெபிக்கேன். அக்கா, இதை அம்மாவுக்கு மெதுவா வாசிச்சு காட்டு, எதையும் விட்டுடாத, அவங்க அழுதா கொஞ்சம் நிறுத்திட்டு அப்புறம் வாசி.

அம்மா, போன வாரம் போன்ல நீங்க கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், "போதும்யா, வந்துரு"ன்னு. நான் சரிம்மா பார்க்கேன்னு சொல்லி வச்சுட்டேன், அதுக்கு மேல பேசினா என் குரல் உடைஞ்சிரும்னு பயம். போன்ல சொல்ல முடியாததை எல்லாம் இதுல எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும்.

ஜூன் 23 திங்கக்கிழமை நடந்ததை நீங்க டிவியில பார்த்துட்டீங்க. 13ஆம் தேதி இஸ்ரேல் ஈரானை அடிச்சதுல இருந்தே இங்க எல்லார் கையிலயும் போன்தான், ஆனா நாங்க இருக்குற இந்த ஊருக்கு ஒண்ணும் வராதுன்னு ஒரு நினைப்பு. அன்னைக்கு டியூட்டி முடிஞ்சு வந்து சமையல் என் முறை, குக்கர் வச்சிருக்கேன், விமானம் எல்லாம் நிறுத்திட்டாங்கன்னு யாரோ சொல்றாங்க, ஏழரை மணி இருக்கும், டம் டம்முன்னு சத்தம், ஜன்னல் கண்ணாடி அதிருது. வெளிய ஓடி வந்து பார்த்தா வானத்துல ஆரஞ்சு கலர்ல புள்ளி புள்ளியா ஏறி ஏறி போய் வெடிக்குது. அல் உதெய்த்ல இருக்குற அமெரிக்கா ராணுவ பேஸை ஈரான் அடிக்குதுன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. நாங்க இருக்குற இந்த இண்டஸ்ட்ரியல் ஏரியா, சனையான்னு சொல்லுவோம்ல, இங்க இருந்து அந்த பேஸ் ரொம்ப தூரம் கிடையாது. யாருக்கும் காயம் இல்ல, ஒண்ணை தவிர மத்த ஏவுகணை எல்லாத்தையும் கத்தார்காரங்க வானத்துலயே தடுத்துட்டாங்க, நடு ராத்திரிக்கு அப்புறம் விமானமும் விட்டுட்டாங்க, விடியறதுக்குள்ள சண்டை நிறுத்தம்னு நியூஸ். ஆனா நடுவுல அந்த அரை மணி நேரம் எங்களுக்கு ஒண்ணுமே தெரியாதும்மா. அடுத்தது எங்க விழும்னு தெரியாது.

ரூம்ல ஆறு பேர். ஒரு நேபாளி தம்பி, வந்து நாலு மாசம்தான் ஆகுது, 22 வயசு, அவன் என் கையை பிடிச்சவன் விடவே இல்ல. ராமநாதபுரத்து பாய் ஒருத்தர் இருக்காருல்ல, நோம்புக்கு எனக்கு கஞ்சி தருவாருன்னு சொல்லுவேன்ல, அவர் பாயை விரிச்சு துவா கேட்க உட்கார்ந்துட்டாரு. நான் ஜெபிக்கணும்னு நினைக்கேன், ஒரு வார்த்தை வரல. உண்மையை சொல்லுதேன்மா, சின்னதுல இருந்து ஓய்வுநாள் பள்ளி, வாலிபர் சங்கம், கன்வென்ஷன்னு போன எனக்கு அந்த நேரம் சொந்தமா ஒரு வார்த்தை வரல. வாய்ல வந்தது பரமண்டல ஜெபம் மட்டும்தான், திண்ணையில உட்கார வச்சு நீங்க திரும்ப திரும்ப சொல்லி குடுத்தது. அதையும் உம்முடைய சித்தம்ங்கிற இடத்துல வந்து நின்னுட்டேன், அதுக்கு மேல போக மனசு வரல. அவர் சித்தம் நான் இங்கயே சாகணும்னு இருந்தா என்ன பண்ணன்னு ஒரு நினைப்பு.

அப்போ அப்பா ஞாபகம் வந்துச்சு. ஆடி காத்துல அப்பா பனையில இருக்கும்போது நீங்க கீழ நின்னு கத்துவீங்களே, இறங்குங்க இறங்குங்கன்னு. அப்பா இறங்கவே மாட்டாரு. மரத்தை ரெண்டு கையாலயும் கட்டி பிடிச்சுக்கிட்டு கன்னத்தை மரத்தோட ஒட்ட வச்சு அப்படியே இருப்பாரு, காத்து அடங்கின பிறகுதான் இறங்குவாரு. ஒரு நாள் நான் கேட்டேன், பயமா இல்லியாப்பான்னு. "காத்துல இறங்குனாத்தான்யா விழுவேன், மரம் ஆடட்டும், அதை பிடிச்சிருக்குற வேர் எனக்கு தெரியும்"னு சொன்னாரு. காலையில முதல் மரம் ஏறுறதுக்கு முன்னாடி மரத்துல கை வச்சு கண்ணை மூடி நிப்பாரே, அது வெறும் பழக்கம்னு நினைச்சிருந்தேன்மா. இல்ல. அந்த நினைப்போட திரும்ப உம்முடைய சித்தம்னு சொன்னேன், இந்த தடவை முடிவு வரைக்கும் சொல்ல முடிஞ்சுது. சத்தம் நிக்கல, கை நடுங்குறது நிக்கல. ஆனா உள்ளுக்குள்ள என்னமோ ஒண்ணு இறங்கி உட்கார்ந்த மாதிரி இருந்துச்சு. நேபாளி தம்பிக்கு தமிழ் ஒரு எழுத்து தெரியாது, நான் ஆமென்னு சொன்னதும் அவனும் ஆமென்னான்.

அதுக்கு அடுத்த வெள்ளி, 27ஆம் தேதி சர்ச்சுக்கு போனேன். இங்க நம்ம சர்ச் இருக்குற இடத்தை பத்தி உங்களுக்கு சரியா சொன்னதே இல்லல்ல. ஊருக்குள்ள இல்ல, மெசைமீர்னு ஒரு பக்கம் பெரிய சுவர் வச்ச காம்பவுண்ட், நிலம் இந்த ஊர் ராஜா குடுத்தது, 2008லதான் அங்க முதல் சர்ச் திறந்தாங்க. எல்லா சபையும் அதுக்குள்ளதான். வெளிய சிலுவை கிடையாது, மணி கிடையாது, கேட்ல பேக் எல்லாம் செக் பண்ணிதான் விடுவாங்க. மெஞ்ஞானபுரம் கோயில் கோபுரம் 192 அடி, தேரிக்காட்டு பக்கம் நின்னா பனைக்கு மேல தெரியுமே, அதை பார்த்து வளர்ந்த எனக்கு முதல் வருஷம் இது கோயில் மாதிரியே தெரியல, அழுகையா வரும். லீவு வெள்ளிக்கிழமைங்கிறதால ஆராதனையும் வெள்ளியிலதான், ஞாயிறு நான் ஏதாவது பில்டிங் மொட்டை மாடியில சில்லர், அதான் பெரிய ஏசி மெஷின், அது பக்கத்துல நிப்பேன். ஆனா உள்ள போயிட்டா ஒரு ஹால்ல தமிழ், அடுத்த ஹால்ல மலையாளம், அந்த பக்கம் பிலிப்பைன்ஸ்காரங்க, உருதுல ஒரு கூட்டம், சுவர் தாண்டி எல்லா பாட்டும் கலந்து கேட்கும். இப்ப எனக்கு அதுதான் மணி சத்தம்.

அன்னைக்கு போதகர் எரேமியா 29 எடுத்தாரு. நம்ம வீட்டு ஹால்ல காலண்டர் பக்கத்துல ஒரு வாக்குத்தத்த அட்டை ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கீங்களே, உங்களை பத்தி நான் நினைக்கிறது தீமைக்கு இல்ல சமாதானத்துக்குத்தான்னு கர்த்தர் சொல்ற வசனம், அது இந்த அதிகாரம்தான். இத்தனை வருஷம் பார்த்திருக்கேன், அது ஒரு கடிதத்துக்குள்ள வர்ற வரின்னு எனக்கு தெரியாதும்மா! எருசலேம்ல இருந்து பாபிலோனுக்கு பிடிச்சுக்கிட்டு போன ஜனங்களுக்கு எரேமியா எழுதி அனுப்புன கடிதம். பாபிலோன் எங்க தெரியுமா, இப்ப இருக்குற ஈராக்ல, இந்த வளைகுடாவுக்கு வடக்க. அந்த அட்டை வரிக்கு முந்தின வரியில 70 வருஷம் ஆகும்னு போட்டிருக்கு. அட்டையில அதை யாரும் அச்சடிக்கல. முந்தின அதிகாரத்துல அனனியான்னு ஒருத்தன் ரெண்டு வருஷத்துல எல்லாம் திரும்பி வந்துரும்னு சொல்றான், ஜனங்களுக்கு அது கேட்க நல்லா இருந்திருக்கும். எரேமியா அப்படி சொல்லல. வீடு கட்டி குடியிருங்க, தோட்டம் போடுங்க, பிள்ளைகளுக்கு கல்யாணம் பண்ணி வைங்க, இருக்குற பட்டணத்தோட சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்க, அதுக்கு சமாதானம் இருந்தாத்தான் உங்களுக்கும் சமாதானம்னு எழுதுறாரு. அவங்களை பிடிச்சுக்கிட்டு போன ஊருக்காகம்மா! எனக்கு உடம்பு சிலிர்த்துருச்சு.

ஏன்னா 2016ல ரெண்டு வருஷம் இருந்துட்டு வந்துருவேன்னு சொல்லிட்டுதான் நானும் வந்தேன். ஒன்பது வருஷம் ஆச்சு. இந்த ஒன்பது வருஷமும் கேம்ப்ல குடுத்த பழைய ஃபோம்ல தான் படுத்திருக்கேன், அடுத்த வருஷம் போயிருவோம் எதுக்கு வாங்கன்னு. முதுகு வலின்னு உங்ககிட்ட சொல்லுவேன்ல, காரணம் அதுதான். அன்னைக்கு சாயங்காலம் போய் 120 ரியாலுக்கு ஒரு நல்ல மெத்தை வாங்கினேன். உங்களுக்கு இது சின்ன விஷயமா தெரியலாம், எனக்கு அது ஒரு ஜெபம் மாதிரி இருந்துச்சு. இங்க நான் இருக்கேன்னு கர்த்தர்கிட்ட ஒத்துக்கிட்டது.

இன்னொரு விஷயம் மறைச்சு வச்சிருந்தேன், மன்னிச்சுக்கோங்க. ரெண்டு மாச சம்பளம் வராம இருந்துச்சு. 2022 வேர்ல்டு கப் முடிஞ்ச பிறகு வேலை குறைஞ்சு போச்சு, எங்க கம்பெனியில ஆள் குறைக்க லிஸ்ட் போடுறாங்கன்னு பேச்சு. ஒரு மாச சம்பளம் இப்ப வந்துருச்சு, அதைத்தான் போன திங்க அனுப்பினேன், சொசைட்டி லோனுக்கு முதல்ல கட்டிருங்க. முன்னாடி மாதிரி இல்ல இங்க, 2020ல சட்டம் மாத்தினதுல இருந்து கம்பெனிகிட்ட என்ஓசி, அதான் போகலாம்னு சம்மதிச்சு குடுக்குற லெட்டர், அது வாங்காமலே வேற வேலைக்கு மாறலாம், ரெண்டு இடத்துல சொல்லி வச்சிருக்கேன். கிடைச்சா இருப்பேன். கிடைக்கலன்னா வந்துருவேன், அதுவும் தோல்வி இல்லன்னு இப்ப என்னால நினைக்க முடியுது. முன்னாடி முடியல, அந்த நினைப்பு வந்தாலே தூக்கம் போயிரும். இப்ப பத்தரைக்கு படுத்தா நாலரைக்கு அலாரம் வரைக்கும் தூங்குறேன். மெத்தையும் காரணம்தான், ஆனா அது மட்டும் இல்ல.

வெயில் 45க்கு மேல போகுது, ஜூன்ல இருந்து செப்டம்பர் 15 வரைக்கும் காலையில பத்துல இருந்து மூணரை வரைக்கும் வெளி வேலை கிடையாது, அதனால பயப்படாதீங்க, தண்ணி நிறைய குடிக்கேன். நீங்க பிரஷர் மாத்திரையை விடாதீங்க, ராத்திரி நியூஸ் பார்க்குறதை மட்டும் நிறுத்துங்க. இங்க சண்டை நிறுத்தம் எத்தனை நாள் தாங்கும்னு யாருக்கும் தெரியாது. எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நான் உங்களுக்கு சத்தியம் பண்ணி தர மாட்டேன்மா, என் கையில இல்லாததை எப்படி தர. அப்பா மரத்தை பிடிச்ச மாதிரி நான் பிடிச்சிருக்கேன், அதை மட்டும் சொல்ல முடியும்.

வந்துருன்னு கேட்டீங்கல்ல, இப்ப வரல. கிறிஸ்துமஸுக்கு லீவு கேட்டிருக்கேன், கிடைச்சா 20 நாள் இருப்பேன், கருப்பட்டி காபி போட்டு குடுங்க. அதுவரைக்கும் எனக்கு ஒண்ணு செய்யணும். எட்டு மணி குடும்ப ஜெபத்துல என் பேரை சொல்லுவீங்கல்ல, அதோட இந்த ஊர் பேரையும் சொல்லுங்க, பாய் பேரு, அந்த நேபாளி தம்பி பேரு ரெண்டையும் சொல்லுங்க, பேரு அக்காவுக்கு தெரியும். இந்த ஊரை திட்டாதீங்கம்மா, நம்ம வீட்டு கூரையை மாத்தி காங்கிரீட் போட்டது இந்த ஊரு.

அக்கா, அம்மாவுக்கு தோஹான்னு சொல்ல வராது, ரெண்டு மூணு தடவை சொல்லி குடு.

உங்கள் அன்பு மகன்