என்.எச்.எல் ஆணையாளருக்கு: முதல் சுற்றிலேயே ஃபைனல் வைக்காதீர்கள்

மதிப்புக்குரிய திரு. கேரி பெட்மன் அவர்களுக்கும் அணி உரிமையாளர்கள் சபைக்கும்,

வணக்கம். வட அமெரிக்க ஐஸ் ஹொக்கி லீக்கான என்.எச்.எல்லின் 2025-26 சீசன் தொடங்கும் நேரத்தில் எழுதுகிறேன். ஸ்காபரோவில் எங்கள் அக்கா வீட்டு ஃபிரிட்ஜில் புதிய தாள் ஒட்டியாயிற்று. லீக் சாம்பியனுக்குக் கொடுக்கிற ஸ்டான்லி கிண்ணம் யாருக்கு என்று ஆளுக்கொரு பெயர் எழுதி, ஐந்து டொலர் கட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். பழைய தாளை இன்னும் எறியவில்லை. அதில் ஒரு மூலை கிழிந்திருக்கிறது. அந்தக் கிழிசலைப் பற்றித்தான் இந்த மடல்.

2025 மே 3. கிண்ணத்துக்கான நொக்அவுட் தொடரில் டலஸுக்கும் கொலராடோவுக்கும் ஏழாவது, கடைசி ஆட்டம்; தோற்றவர் வீட்டுக்கு. அக்காவின் மகனுக்குப் பதினொரு வயது; கொலராடோ நட்சத்திரம் மெக்கினனின் ஜேர்சி போட்டுக்கொண்டு பேஸ்மென்டில் டிவிக்கு முன்னால் தரையில் இருந்தான். தாளில் அவன் எழுதியிருந்த பெயர் கொலராடோ. பிழையான கணிப்பு என்று சொல்ல முடியாது. மெக்கினனும் மகாரும் இருக்கிற அணி. முழங்கால் காயத்தால் கிட்டத்தட்ட மூன்று ஆண்டு ஆடாமல் இருந்த கப்டன் லண்டஸ்கொக், அந்தத் தொடரின் மூன்றாம் ஆட்டத்தில்தான் திரும்பி வந்திருந்தார். நாலாம் ஆட்டத்தில் கோலும் அடித்தார். ஏழாவது ஆட்டத்தின் மூன்றாம் பகுதி தொடங்கி அரை நிமிடத்தில் மெக்கினன் அடித்தபோது 2-0. பையன் எழும்பிக் குதித்தான்.

அப்புறம் ரன்டனென் வந்தார். ஜனவரி வரை கொலராடோவின் ஆள். அவர்கள் கரோலைனாவுக்குக் கொடுக்க, கரோலைனா மார்ச்சில் டலஸுக்குக் கொடுத்தது. ஒரே பகுதிக்குள் மூன்று கோல். கடைசிக் கோல் ஆளில்லாத வலைக்குள், மூன்று விநாடி மிச்சமிருக்கும்போது. 4-2.

பையன் திரும்பிப் பார்த்துக் கேட்டான்: "மாமா, இது முதல் சுற்றுத்தானே?"

ஓம் என்றேன். மேலே போய் பேனையால் கொலராடோவை வெட்டினான். வெட்டிய வேகத்தில் தாள் கிழிந்தது.

ஐயா, கணக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. நொக்அவுட்டுக்கு முந்தைய 82 ஆட்டத்தில் டலஸ் 106 புள்ளி, லீக்கிலேயே ஐந்தாவது. கொலராடோ 102. இரண்டும் ஒரே டிவிஷனில் (ஊர் இருக்கிற இடம் பார்த்து லீக்கைப் பிரித்த நாலு பிரிவில் ஒன்று) இரண்டாவது, மூன்றாவது இடத்தில் முடித்த குற்றத்துக்காக முதல் சுற்றிலேயே மோதின. தப்பிய டலஸுக்கு அடுத்து 116 புள்ளியோடு லீக்கில் முதலாவதாக வந்த வின்னிபெக். அதுவும் அதே டிவிஷன். மூன்றில் ஒன்றுதான் மிஞ்சும் என்பது முதலே எழுதி வைத்தது. இது புதிதும் இல்லை. 2017இல் லீக்கில் இரண்டாவதாக வந்த பிட்ஸ்பர்க்கும் நாலாவதாக வந்த கொலம்பஸும் முதல் சுற்றில் அடிபட்டன. 2018இல் முதல் இரண்டு இடத்துக்காரர்களான நாஷ்வில்லும் வின்னிபெக்கும் இரண்டாம் சுற்றிலேயே மோதின.

ஆகவே எங்கள் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. கிழக்கு, மேற்கு இரண்டு பக்கத்திலும் எட்டு அணிகளைப் புள்ளி வரிசையில் நிறுத்தி, முதலாவதோடு எட்டாவது, இரண்டாவதோடு ஏழாவது என்று மோதவிடுங்கள். 1994 முதல் 2013 வரை உங்கள் காலத்திலேயே ஏறத்தாழ இப்படித்தான் நடந்தது.

ரொறன்ரோக்காரன், தன் ஊர் அணி மேப்பிள் லீஃப்ஸுக்காக அழுகிறான் என்று ஒதுக்கிவிட வேண்டாம். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். 2022இல் 115 புள்ளி எடுத்து, இரண்டு முறை தொடர்ந்து கிண்ணம் வென்றிருந்த டாம்பாவிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்றோம். பழைய முறையில் எங்களுக்கு யார் வந்திருப்பார்கள்? பாஸ்டன். 2024இல் பாஸ்டனிடம் தோற்றோம். பழைய முறையில்? அதே பாஸ்டன். எங்கள் தலைவிதியை எந்த அட்டவணையாலும் மாற்ற முடியாது. 1967க்குப் பிறகு கிண்ணத்தைக் காணாத ஊர், பழகிவிட்டது. 2025இலும் பழைய முறையில் டலஸுக்கு முதல் சுற்றில் எட்மன்ரன், கொலராடோவுக்கு லொஸ் ஏஞ்சலிஸ் வந்திருக்கும். லேசான ஆட்கள் இல்லை. ஆனால் அது புள்ளி கொடுத்த எதிரி. இப்போது வருவது விலாசம் கொடுத்த எதிரி.

ஒரே டிவிஷன் அணிகள் அடிக்கடி மோதிப் பகை வளர்ந்தால் ஆட்டம் சூடுபிடிக்கும் என்பது உங்கள் தரப்பு வாதம். எட்மன்ரனும் லொஸ் ஏஞ்சலிஸும் 2022, 2023, 2024, 2025 என்று நாலு வருடம் வரிசையாக முதல் சுற்றில் சந்தித்தன. நாலு முறையும் எட்மன்ரனே வென்றது. ஒரே ஒழுங்கையில் இருக்கிற இரண்டு வீட்டுக்காரரை வருடாவருடம் சண்டைக்கு இழுத்துவிட்டால் நாலாம் வருடம் பக்கத்து வீட்டுக்காரன் யன்னலைத் திறந்தும் பார்க்கமாட்டான்.

82 ஆட்டம் போதாதென்று 2026-27 முதல் 84 ஆட்டமாம். நல்லது. அந்த 84இல் சேர்த்த புள்ளிக்கு ஏப்ரலில் என்ன மரியாதை என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். பக் என்கிற ரப்பர் வட்டைத் தேடுகிற கண்ணுக்கு முன்னால், ஐஸைச் சுற்றியுள்ள பலகையில் ஓடித் திரிகிற கம்ப்யூட்டர் விளம்பரங்களைப் பற்றி இன்னொரு மடல் எழுதலாம். கிண்ணம் கொடுக்க நீங்கள் வரும்போது வருடாவருடம் அரங்கமே ஏன் கூச்சலிடுகிறது என்று யோசித்துப் பார்த்ததுண்டா? மன்னிக்கவும், கேட்க வந்தது அதுவல்ல.

இந்த வருடத் தாளைப் பார்க்கிறேன். அக்கா ஃபுளோரிடா என்று எழுதியிருக்கிறார். இரண்டு கிண்ணம் கையில் இருக்கிறது, ஆனால் கப்டன் பார்கோவ் முழங்கால் நார் கிழிந்து படுத்துவிட்டார், மூன்றாவது கஷ்டம். அத்தானுக்கு எட்மன்ரன். மெக்டேவிட், டிரைசைட்டல் இருக்கும்வரை மறுக்க முடியாது, ஆனால் 2025 ஃபைனலில் கோல்காப்பாளரை மாற்றி மாற்றி நிறுத்திய அணி. வின்னிபெக்கில் ஆடிய எலர்ஸை வாங்கிய கரோலைனா கிழக்கில் வழி கண்டுபிடித்துவிடும். எங்கள் மார்னரைக் கொண்டுபோன வேகஸைப் பற்றி நான் எதுவும் எழுதமாட்டேன். என் கணக்கில் மேற்கின் கனமான மூன்று அணிகள் மறுபடியும் கொலராடோ, டலஸ், வின்னிபெக்தான். மூன்றும் அதே டிவிஷன். ஆட்டம் தொடங்கும் முன்பே இரண்டை வெட்டிவிடலாம். எந்த இரண்டு என்பதுதான் தெரியாது.

தயவுசெய்து அடுத்த உரிமையாளர் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். ஒன்றுக்கு எட்டு, இரண்டுக்கு ஏழு. வேறு எதுவும் கேட்கவில்லை.

பையன் இந்த முறையும் கொலராடோ என்றுதான் எழுதியிருக்கிறான். பென்சிலால்.

இப்படிக்கு,
பணிவுடன்,
ஸ்காபரோவிலிருந்து ஒரு ரசிகன்