கண்டுபிடிப்பாளர் விருது கொடுப்பவர்கள் வன்னிப் பட்டறைகளுக்கும் வரவேண்டும்

ஆசிரியருக்கு,

ஆண்டுதோறும் கண்டுபிடிப்பாளர்களைக் கூப்பிட்டு விருது கொடுப்பது நல்ல விசயம். 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவான இலங்கை புத்தாக்குநர் ஆணைக்குழு 'சஹசக் நிமவும்' என்ற பெயரில் கண்காட்சியும் போட்டியும் நடத்துகிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அதில் பங்குபற்றுகிறார்கள். அது தொடரட்டும். ஆனால் விண்ணப்பம் வரட்டும் என்று காத்திருந்தால் எங்கள் பக்கத்து வேலைக்காரர்களின் பெயர் அந்தப் பட்டியலில் வரப்போவதில்லை. தேடித்தான் வரவேண்டும்.

பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் ஒரு வெல்டிங் கடை இருக்கிறது. அங்கே ஒரு அண்ணை கச்சான் உடைக்கிற கை மெசின் செய்து கொடுக்கிறார். கம்பிச் சல்லடை, அதற்கு மேலே முன்னும் பின்னும் ஆட்டுகிற பிடி, அவ்வளவுதான், இது எங்கும் உள்ள மெசின்தான். ஆனால் இரும்புப் பல்லு பட்டால் பருப்பு இரண்டாகப் பிளந்துவிடும், பிளந்த பருப்பு விதைக்கு உதவாது. அதனால் அவர் பழைய டயரை வெட்டி அந்த இடத்தில் பூட்டியிருக்கிறார். இரண்டு பக்கமும் ஒரு நட்டைத் திருகினால் இடைவெளி கூடும் குறையும், பெரிய பருப்புக்கும் சின்னப் பருப்புக்கும் தனித்தனி மெசின் தேவையில்லை. இதை விருதுக்குப் போடலாமே அண்ணை என்று கேட்டேன். "இதில என்ன தம்பி கிடக்கு, சும்மா மாத்திப் பூட்டினதுதானே" என்றார்.

சட்டப்படி பார்த்தால் அவர் சொன்னதும் ஓரளவு சரிதான். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஆக்கவுரிமை (பேட்டன்ட்) வேண்டுமென்றால் அந்தப் பொருள் உலகில் எங்குமே முன்னர் வெளிவராத புதுசாக இருக்கவேண்டும், விவரணம் எழுதவேண்டும், எதற்கெல்லாம் உரிமை கோருகிறோம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லவேண்டும், வரைபடம் கொடுக்கவேண்டும். கிடைத்தால் 20 வருசப் பாதுகாப்பு, அது பெரிய விசயம்தான். ஆனால் இருக்கிற மெசினை ஊருக்கும் மண்ணுக்கும் ஏற்றமாதிரித் திருத்துகிறவருக்கு அந்தக் கதவு லேசில் திறக்காது. அவர்களுக்கென்று தனிப் பிரிவு ஒன்று வேண்டும். ஆக்கவுரிமை இருக்கிறதா என்று கேட்காமல், ஒரு போகம் அதைப் பாவித்த விவசாயிகளிடம் போய் விசாரித்துப் பரிசு கொடுக்கிற பிரிவு.

வன்னியில் இந்தத் திறமை நேற்று வந்ததல்ல. 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோலும் பற்றரியும் இல்லாமல் போனபோது, சில துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியவர்கள் நாங்கள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து கொஞ்ச எண்ணெயில் விளக்கு எரித்தோம், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டோம். அதையெல்லாம் முதலில் யார் செய்தார் என்றுகூட இன்று ஒருவருக்கும் தெரியாது, அதுதான் எனக்குப் பெரிய மனவருத்தம்.

லான்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு மெசினை எடுங்கள். 1950களில் அதை வடிவமைத்தவர் இந்த நாட்டுப் பொறியியலாளர் ரே விஜேவர்தன, அவரை நாடே அறியும், அது நியாயம். ஆனால் அந்த மாதிரி மெசினில் பெல்ட் போட்டு தண்ணி இறைத்தவர்களையும், காற்றாடி பூட்டி நெல் தூற்றியவர்களையும் எங்கே எழுதி வைத்திருக்கிறோம்?

இந்தியாவில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய தேசிய புத்தாக்க அறக்கட்டளை என்ற நிறுவனம் இதைத்தான் செய்கிறது. படிப்பைப் பார்க்காமல் கிராமங்களில் ஆட்களைத் தேடிப்பிடித்து, ஜனாதிபதி கையால் விருது கொடுக்க வைக்கிறது. குறைந்த செலவில் சானிட்டரி நாப்கின் செய்யும் மெசினை உருவாக்கிய கோயம்புத்தூர் முருகானந்தமும் அந்த அறக்கட்டளையின் விருது பெற்றவர்தான். பிறகு 2016இல் அவருக்குப் பத்மஸ்ரீயும் கிடைத்தது. அவர் பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவர்.

இங்கே அதற்கு ஆளில்லை என்று சொல்ல முடியாது. யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் கிளிநொச்சியில்தான் இருக்கின்றன. பிரதேச செயலகங்களோடு, கிராமங்களுக்குத் தொழில்நுட்பத்தைக் கொண்டுபோகிற அரசாங்கத்தின் விதாதா வள நிலையங்கள் இருக்கின்றன. ஒரு மாணவர் ஒரு பட்டறையில் நாலு நாள் நின்றால் அளவெடுத்துப் படம் கீறி, விண்ணப்பத்தை ஒழுங்காக எழுதிக் கொடுத்துவிடலாம், அந்தப் பிள்ளைக்கும் அது படிப்புத்தான். உண்மையிலேயே புதுசாக ஏதும் அகப்பட்டால் கண்காட்சிக்குக் கொண்டுபோக முன்னரே ஆக்கவுரிமைக்கு விண்ணப்பிக்கவும் அவர்களே உதவட்டும், காட்டிவிட்டுப் பிறகு ஓடித்திரிவது ஆபத்து. அப்புறம் பரிசு. பதக்கமும் சான்றிதழும் சரி, அவற்றோடு ஒரு நல்ல வெல்டிங் பிளான்ட் கொடுத்தால் அந்த மனிசன் அடுத்த மெசினைச் செய்வார்.

நடுவர்கள் கச்சான் பிடுங்குகிற காலத்திலோ நெல் வெட்டுகிற காலத்திலோ வந்தால்தான் மெசின் வேலை செய்வதைப் பார்க்கலாம். முதல் தடவைக்குக் கிளிநொச்சி, முல்லைத்தீவு இரண்டு மாவட்டமும் போதும். எந்தக் கடையில் யார் என்ன செய்கிறார் என்று கமக்காரர் அமைப்புகளிடம் கேட்டால் அவர்களே கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுவார்கள்.

இப்படிக்கு,
விவசாயி ஒருவர்,
விசுவமடு.