லாச்சிக்குள் வந்த வெள்ளிக்காசு

ஆரையம்பதி

அன்பு மகளுக்கு,

கனடாவில் நீ வேலை செய்கிற கடையில், காசு போடுகிற லாச்சிக்குள் வந்தது என்று நீ அனுப்பின இருபத்தைந்து சதத்தின் படத்தை அம்மாதான் முதலில் பார்த்தா. "மான் தலை போட்ட ஏதோ காசாம், உங்களுக்குத்தான் அனுப்பியிருக்கா" என்று போனைக் கொண்டுவந்து நான் நகை தட்டுகிற பட்டடையில் வைத்தா. பெரிதாக்கிப் பார்த்தேன். 1966 என்று தெளிவாக இருக்கிறது. விளிம்பைத் திருப்பி இன்னொரு படம் எடுத்தாய் பார், அது நல்ல வேலை. முழுக்க ஒரே வெள்ளை. மகள், அது வெள்ளிக்காசுதான்.

போனில் சொல்லத் தொடங்கினால் பாதியில் உனக்கு வேலைக்கு நேரமாகிவிடும். இது ஆறுதலாகச் சொல்லவேண்டிய விசயம். அதனால்தான் எழுதுகிறேன்.

கனடாவில் 1920 தொடக்கம் 1966 வரை அடித்த பத்துச் சதமும் இருபத்தைந்து சதமும் ஐம்பது சதமும் நூற்றுக்கு எண்பது வெள்ளி, மிச்சம் செம்பு. அந்த நாட்டுக்கு நூறு வயது நிறைந்த 1967இல் இருபத்தைந்து சதத்தில் மானை எடுத்துவிட்டுக் காட்டுப்பூனையைப் போட்டார்கள், பத்துச் சதத்தில் கப்பலுக்குப் பதிலாக மீன். அந்த வருசக் காசில் எண்பதும் உண்டு, ஐம்பதும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். 1968 ஓகஸ்ட் மாதத்தோடு பத்துச் சதத்திலும் இருபத்தைந்து சதத்திலும் வெள்ளி முடிந்தது, பிறகு நிக்கல். இப்போது நீ நாள் முழுக்க எண்ணிக் கொடுக்கிறது உள்ளே இரும்பு, வெளியே நிக்கல் பூச்சு.

உனக்கு அங்கே ஒரு வசதி இருக்கிறது. நிக்கலும் காந்தத்தில் ஒட்டும், இரும்பும் ஒட்டும். வெள்ளி ஒட்டாது. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுகிற சின்னக் காந்தம் போதும், கனடாக் காசை நிமிசத்தில் பிரித்துவிடலாம். ஆனால் அமெரிக்கக் காசும் உங்கள் லாச்சிக்குள் கலந்து வரும் என்று சொன்னாயே, அதற்குக் காந்தம் உதவாது. அவர்களுடைய இப்போதைய காசும் ஒட்டாது, பழைய வெள்ளியும் ஒட்டாது. அதற்கு விளிம்பைப் பார். நடுவில் செம்புக் கோடு ஓடினால் புதுசு. கோடு இல்லாமல் ஒரே வெள்ளையாக இருந்தால் வருசத்தைப் பார். 1964, அல்லது அதற்கு முந்தினது என்றால் பத்துச் சதம், இருபத்தைந்து சதம் இரண்டிலும் நூற்றுக்குத் தொண்ணூறு வெள்ளி.

மற்றது சத்தம். காசை விரல் நுனியில் நிறுத்தி இன்னொரு காசால் மெல்லத் தட்டு. வெள்ளி கோயில் மணி மாதிரி தட்டின பிறகும் கொஞ்ச நேரம் பாடும். நிக்கல் உடனே அடங்கிவிடும். சின்ன வயதில் பட்டடைக்குப் பக்கத்தில் இருந்து படிப்பாயே, அந்தச் சத்தம் உன் காதில் எங்கேயோ இருக்கும். நிலத்தில் மட்டும் போட்டுப் பார்க்காதே, விளிம்பு நசுங்கும்.

இனி, என்னை நேற்று முழுக்கத் தூங்கவிடாமல் செய்த விசயத்துக்கு வருகிறேன். உன் காசின் நிறை 5.83 கிராம். அதை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. அலமாரியில் அப்பப்பாவின் தகர டப்பாவைத் திறந்து, அந்தக் காலத்து இலங்கை ஐம்பது சதத்தை எடுத்தேன். ராசா தலை ஒரு பக்கம், பனை மறுபக்கம். தராசில் வைத்தால் 5.7. இத்தனை கை பட்டுத் தேய்ந்தது போக மிச்சம் அது. அச்சடித்தபோது அதுவும் 5.83 கிராம்தான். தட்டாரின் பழைய நிறைக் கணக்கில் அரைத் தோலா! இந்திய வெள்ளி ரூபாய் ஒரு தோலா, அதில் பாதி நம்முடைய ஐம்பது சதம். 1892இல் இருந்து 1917 வரைக்கும் அதிலும் நூற்றுக்கு எண்பதுதான் வெள்ளி. உன் கனடாக் காசும் நம்முடைய ஐம்பது சதமும் நிறையில் ஒன்று, தரத்திலும் ஒன்று, பிள்ளை. இரண்டிலும் சுத்த வெள்ளி நாலரைக் கிராமுக்குக் கொஞ்சம் கூட. உலகத்தின் அந்தக் கோடியில் உன் கைக்கு வந்தது அப்பப்பா அளந்த அதே அளவு.

அப்பப்பாவை உனக்கு ஞாபகம் இருக்காது. வேளாண்மை வெட்டி முடிந்ததும் வாவிக்கு அப்பால் படுவான்கரையிலிருந்து தோணியில் ஆட்கள் வருவார்கள். பிள்ளைக்குத் தண்டை, அரைஞாண், கொலுசு செய்யவேண்டும் என்றால் மடிக்குள் இருந்து சல்லியை அவிழ்த்து வைப்பார்கள். அந்தச் சல்லிதான் உருகி நகையாகும். உருக்குகிற மூசையில் போடுவதற்கு முன்னால் அப்பப்பா ஒவ்வொன்றாக வருசம் பார்ப்பார். இந்திய ரூபாய் 1940க்கு முந்தினது என்றால் முகம் மலரும். அது கிட்டத்தட்ட நூற்றுக்கு 92 வெள்ளி. 1940இல் அதை நூற்றுக்கு ஐம்பதாக்கினார்கள். நம்முடைய ஐம்பது சதத்தை 1919இலேயே 55 ஆக்கிவிட்டார்கள். அப்படிப்பட்டதை அவர் தனியே ஒதுக்கி, "இது செம்புச் சாயல் காட்டும், உங்களுக்கு நட்டம்" என்று உடையவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார். தனக்கு வேலை குறைந்தாலும் சொல்லித்தான் செய்வார். ஊரில் அவருக்கு இருந்த பெயர் அதனால் வந்தது.

1943இல், சண்டைக் காலத்தில், இலங்கையின் ஐம்பது சதமும் இருபத்தைந்து சதமும் நிக்கல் கலந்த பித்தளையாகிவிட்டன. அத்தோடு வெள்ளி கையில் புழங்குவது நின்றது. எங்கே போனது என்கிறாய்? எங்கேயும் போகவில்லை. மூதாட்டிமாரின் பெட்டகத்தில், மஞ்சள் துணியில் முடிந்து வைத்த நேர்த்திக் காசில், கண்ணகை அம்மனுக்குக் குளிர்த்திச் சடங்கு நேரம் போடுகிற காணிக்கையில். காசுமாலையாகக் கோத்துக் கழுத்திலும் போட்டார்கள். ஒரே விலை போட்ட இரண்டு காசு கையில் இருந்தால் எவரும் மட்டமானதைக் கடையில் கொடுத்து நல்லதைத்தான் வைத்துக்கொள்வார். கனடாவிலும் அமெரிக்காவிலும் அதேதான் நடந்தது. அறுபதுகளில் வெள்ளி விலை ஏற ஏற, காசின் முகத்தில் எழுதின விலையை அதன் உடம்பின் விலை தாண்டிவிட்டது. அமெரிக்காவில் 1965இல் சட்டம் போட்டு மாற்றினார்கள். சனம் பழைய காசைப் போத்தலிலும் டப்பாவிலும் போட்டு ஒளித்துவைத்தது.

அப்படியென்றால் உன் காசு எப்படி வெளியே வந்தது? யாரோ ஒரு பெரியவர் அறுபது வருசம் சேர்த்துவைத்துவிட்டுப் போயிருப்பார், வீட்டைத் துப்புரவாக்கினவர்கள் டப்பாவோடு கொட்டி மாற்றியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அல்லது பாணும் பாலும் வாங்க எவரோ டப்பாவைக் கவிழ்த்திருப்பார்கள். இரண்டாவதுதான் என்றால் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. வயதான ஒருவர் அப்படி நிறையக் காசை ஒரேயடியாக எண்ணித் தந்தால், "இதில் வெள்ளி இருக்கிறது, வீட்டில் காட்டிவிட்டுக் கொண்டுவாருங்கள்" என்று சொல். அப்பப்பா அதைத்தான் சொல்லியிருப்பார். ஆளில்லாமல் லாச்சியில் கலந்து வந்தது வேறு.

அதிலும் ஒன்று கவனி. கடைக்காரரிடம் முதலில் கேள். அவர் சம்மதித்தால் உன் பையிலிருந்து இருபத்தைந்து சதத்தைப் போட்டுவிட்டு அதை எடு. இரவு கணக்கு முடிக்கும்போது ஒரு சதமும் குறையக்கூடாது. சம்மதிக்கவில்லை என்றால் விட்டுவிடு, பேச்சு வளர்க்காதே. வெள்ளியின் விலை இருபத்தைந்து சதத்தைவிடப் பல மடங்கு என்பது உண்மைதான். ஆனாலும் உன் வேலையைவிடப் பெரிதில்லை.

கழுவாதே. உனக்குக் கை துறுதுறுக்கும் என்று தெரியும். குத்துவிளக்கையும் வெள்ளித் தட்டையும் புளி போட்டு மினுக்கி வளர்ந்த பிள்ளை. திருநீறு, பற்பசை, பூந்திக்கொட்டை எதுவும் வேண்டாம். நகைக்கு மினுக்கம் அழகு. காசைச் சேர்க்கிறவர்கள் அந்தக் கறுப்பைத்தான் தேடுவார்கள். தேய்த்தது பார்த்தவுடனே தெரிந்துவிடும், விலையும் விழுந்துவிடும். சுத்தமான கடதாசியில் சுற்றி வை. ரப்பர் நாடா போடாதே, அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும்.

உன் சிநேகிதி மோதிரம் செய்யலாம் என்று சொன்னதாக எழுதியிருந்தாய். அதை மறந்துவிடு. புழக்கத்தில் செல்லுபடியாகிற காசை அனுமதிப் பத்திரம் இல்லாமல் உருக்கவும் உடைக்கவும் அந்த நாட்டில் சட்டம் விடாது. 1966ஆம் வருசக் காசு இன்றைக்கும் அங்கே செல்லும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். வெள்ளி உருக்கியே சாப்பிட்ட குடும்பம் நாங்கள். தேவைக்கு உருக்கினோம், பிள்ளைகளின் காலில் சலங்கை கேட்கவேண்டும் என்று உருக்கினோம். உனக்கு மோதிரம் வேண்டுமென்றால் அப்பா இருக்கிறேன், தனி வெள்ளியில் செய்து தருகிறேன். அதை அப்படியே விடு.

இனி வேலைக்குப் போனால் சில்லறையைப் பார்த்து எண்ணு. எண்ணிக்கைக்கு மட்டும் எண்ணினால் கண் பழகாது. முதலில் நிறம், பிறகு விளிம்பு, பிறகு வருசம். வெள்ளியின் வெள்ளை கொஞ்சம் மென்மையாக இருக்கும்; நிக்கலில் ஒரு கடுப்பு உண்டு. இதை எழுதிக் காட்ட முடியாது, உன் கையில் அசல் ஒன்று இருக்கிறது, பக்கத்தில் வைத்துப் பார். தம்பிக்கு இந்தத் தொழிலில் மனம் இல்லை, அது அவன் விருப்பம். உனக்குக் கண் இருக்கிறது என்று விளிம்பைப் படம் எடுத்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் சொல்லித்தராமலே அந்த இடத்தைப் பார்த்திருக்கிறாய்.

ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தத்துக்கு வருவேன் என்று சொன்னாய். லீவு கிடைத்ததா? டிக்கெட் போட்டால் திகதியைச் சொல். அம்மா இப்போதே அரிசிமா இடிக்க ஆள் தேடுகிறா. காசைப் பெரிய பெட்டிக்குள் போடாமல் கைப்பையில் வைத்துக் கொண்டுவா, தராசைத் துடைத்து வைக்கிறேன். இரண்டையும் இரண்டு தட்டில் வைத்து எவ்வளவு வித்தியாசம் என்று நீயே சொல்லு.

அன்புடன்,
அப்பா