கண்ட்ரி கேப்டன் யாருடைய கறி? அட்லாண்டா நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உடன் பணிபுரியும் ஜார்ஜியாக்காரர் தம் வீட்டு விருந்தில் ‘கண்ட்ரி கேப்டன்’ கோழியைப் பரிமாறி, அது தம் மாநிலத்துச் சவான்னா துறைமுகத்தில் பிறந்த உணவு என்று சொன்னதையும், ‘அது எங்கள் மெட்ராஸ் கறி, உங்களுடையது வெறும் நகல்’ என்று நீங்கள் மறுத்ததையும், பேச்சு கொஞ்சம் சூடானதையும் எழுதியிருக்கிறீர்கள். தீர்ப்பை என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வாதத்தில் பாதி நிற்கும், பாதி நிற்காது என்பது என் எண்ணம்.

முதலில் அவர் சொன்ன கதையைப் பார்ப்போம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நறுமணப் பொருள் ஏற்றி வந்த ஒரு பிரிட்டிஷ் கப்பல் தலைவர், சவான்னாவில் தம்மை உபசரித்தவர்களுக்கு இந்தியாவில் கற்ற கறியைச் சொல்லிக்கொடுத்தார் என்பதுதான் அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் கதை. இனிமையான கதைதான். ஆனால் அதைச் சொல்பவர்கள் கப்பலின் பெயரையோ, தலைவரின் பெயரையோ, ஆண்டையோ சொல்வதில்லை. கேப்டன் என்ற பெயர் கறிக்கு இருப்பதால் ஒரு கேப்டனைக் கற்பித்துக்கொண்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் பக்கத்துக்கு வலுவான சாட்சி ஒன்று உண்டு. விருந்தில் அது உங்கள் நினைவுக்கு வரவில்லை போலும். 1886இல் வெளிவந்த, இந்தியாவில் ஆங்கிலேயர் புழங்கிய சொற்களைத் தொகுத்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியில் இந்த உணவுக்குத் தனிப் பதிவே இருக்கிறது. வங்காளத்தில் இது காலை உணவோடு வைக்கப்படும் ஒருவகை உலர்ந்த கறி என்றும், மெட்ராஸில் முதுகைப் பிளந்து விரித்த கோழியை வெங்காயமும் கறி மசாலாவும் சேர்த்துச் சமைப்பதற்கு இப்பெயர் என்றும், இந்த மெட்ராஸ் வடிவமே மூலமாக இருக்கக்கூடும் என்றும் அது சொல்கிறது. அகராதியை உருவாக்கிய இருவரில் பர்னெல் மெட்ராஸ் சிவில் சர்வீஸைச் சேர்ந்தவர், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், அங்குள்ள அரண்மனையின் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை தொகுத்தவர். ஆகவே மெட்ராஸ் மேசைகளைப் பற்றிய அந்த வரியை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். ஆனாலும் ‘இருக்கக்கூடும்’ என்பதை ‘இருக்கிறது’ என்று படித்துவிட வேண்டாம். அகராதிக்காரர்களே அதை ஊகமாகத்தான் வைத்தார்கள்.

அந்தக் கேப்டன் யார் என்பதிலும் அகராதியின் விளக்கமே பொருத்தமாகப் படுகிறது. ஐரோப்பாவுக்குச் செல்லாமல் ஆசியத் துறைமுகங்களுக்கிடையே மட்டும் சரக்கேற்றிச் சென்ற வணிகத்தை அந்நாளில் கண்ட்ரி டிரேட் என்றார்கள். அந்தக் கப்பல்களின் தலைவர்கள் கண்ட்ரி கேப்டன்கள். 1792 ஏப்ரலில் ‘மெட்ராஸ் கூரியர்’ இதழ் இந்தக் கேப்டன்களைக் கேலி செய்து எழுதியிருக்கிறது. அவர்கள் நம் கடற்கரைக்கு அவ்வளவு பழக்கமானவர்கள்.

இனி, இந்த வழக்கில் நான் மிகவும் மதிக்கும் சாட்சி ஓர் அமெரிக்கர். 1825இல் சீனாவின் கான்டனுக்கு வணிகம் பழகப் போன வில்லியம் ஹன்டர், 1882இல் எழுதிய நினைவு நூலில், கான்டனுக்கு அருகிலுள்ள வாம்போவா நங்கூரத்துறையில் நின்ற கண்ட்ரி கப்பல்களில் விருந்துண்டபோது ‘கண்ட்ரி கேப்டன்’ என்ற உணவு அடிக்கடி பரிமாறப்பட்டதைக் குறிப்பிடுகிறார். அமெரிக்கர் ஒருவர் இந்தக் கறியை உண்டது சவான்னாவில் அல்ல, இந்தியாவில்கூட அல்ல, சீனக் கடற்கரையில்! கான்டனோடு வணிகம் செய்த அமெரிக்கக் கப்பல்கள் பெரும்பாலும் பாஸ்டன், சேலம், நியூயார்க், பிலடெல்பியா ஆகிய வடக்குத் துறைமுகங்களிலிருந்து புறப்பட்டவை. அந்த பிலடெல்பியாவைச் சேர்ந்த எலைசா லெஸ்லிதான் 1857இல் தம் சமையல் நூலில் ‘கண்ட்ரி கேப்டன்’ குறிப்பை அச்சிட்டார். கேப்டன் என்பவர் கப்பல் தலைவர் அல்ல, சிப்பாய்ப் படையின் அதிகாரி என்று அந்த அம்மையார் நினைத்தார். ஆனால் இது கிழக்கிந்திய உணவு என்பதில் அவருக்கு ஐயமில்லை. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், கறி அமெரிக்காவில் வடக்கே இறங்கி, அச்சுப் புத்தகங்களின் வழியாகத் தெற்கே போயிருக்கலாம் என்ற ஊகம், பெயரில்லாத சவான்னா கேப்டனைவிட நம்பத்தக்கதாகப் படுகிறது.

இதுவரை உங்களுக்குச் சாதகம். இனிமேல் நீங்கள் தோற்கும் இடம் வருகிறது.

அகராதியின் 1903ஆம் ஆண்டுப் பதிப்பில், நிஜாமின் பணியில் இருந்த மருத்துவர் ரிடெலின் செய்முறை சேர்க்கப்பட்டுள்ளது. கோழியைத் துண்டாக்கி, பொடியாக அரிந்த வெங்காயத்தை வெண்ணெயில் சிவக்க வறுத்து, உப்பும் கறிப்பொடியும் தூவிக் கோழியையும் வறுத்து, சூப் ஊற்றி, அது பாதியாகச் சுண்டும்வரை மெதுவாக வேகவைத்துச் சோற்றோடு பரிமாறச் சொல்கிறார், அவ்வளவுதான். லெஸ்லியின் குறிப்பிலும் வேகவைத்த கோழி, வெங்காயம், கறிப்பொடி, விரும்பினால் தேங்காய்த் துருவல், தனித் தட்டில் சோறு. இரண்டிலும் தக்காளி கிடையாது. வேப்பேரியிலும் பெரம்பூரிலும் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் இன்றும் சமைக்கும் கண்ட்ரி கேப்டன் இந்தக் கிளையைச் சேர்ந்தது.

உங்கள் நண்பர் பரிமாறியது எது? மாவில் புரட்டிப் பொரித்த கோழி, வெங்காயம், பூண்டு, பச்சைக் குடைமிளகாய் வதக்கித் தக்காளி சேர்த்த குழம்பு, தைம் இலை, மேலே உலர்ந்த சிறு கருந்திராட்சையும் வறுத்த பாதாமும். கறிப்பொடியை எடுத்துவிட்டால் மிஞ்சும் குழம்பு, லூசியானா மாநிலத்தின் தக்காளிக் குழம்பான இறால் கிரியோலுக்கு நெருங்கிய உறவு. ஜார்ஜியா, தென் கரோலினாக் கடற்கரையில், அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களின் உழைப்பில் விளைந்த நெல் ஏற்கெனவே அன்றாட உணவாக இருந்ததால், சோறும் அங்கே புதிதல்ல. இந்த வடிவத்துக்குப் புகழ் தேடித்தந்தது ஜார்ஜியாவின் கொலம்பஸ் நகரத்துத் திருமதி புல்லர்டின் வீடு. ஜார்ஜியாவின் வார்ம் ஸ்பிரிங்ஸுக்குச் சிகிச்சைக்காக வந்து தங்கிய அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அதை விரும்பி உண்டார் என்றும், அருகிலிருந்த பென்னிங் கோட்டையில் படைத்தலைவராக இருந்த ஜார்ஜ் பேட்டன் (இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற தளபதி), விருந்து வைக்க நேரமில்லையென்றால் ஒரு வாளியில் எடுத்துக்கொண்டு ரயிலடிக்கு வாருங்கள் என்று சொல்லியனுப்பினார் என்றும் சொல்கிறார்கள். (அக்காலத்து ஜார்ஜியாவின் வசதியான வீடுகளில் அடுப்படியில் நின்றவர்கள் பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள், கப்பலில் சமைத்தவனைப் போலவே அவர்களும் கறியின் பெயரில் இடம்பெறவில்லை.) ஆக, நகல் என்று நீங்கள் சொன்னது சரியல்ல. பெயரும் கறிப்பொடியும் சோற்றோடு உண்ணும் முறையும் நம் பக்கத்துக் கடல்வழியில் வந்தவை. தட்டில் இருந்த கறி ஜார்ஜியாவில் உருவானது. அதை மெட்ராஸ் கறி என்று சொன்னால் மெட்ராஸிலேயே யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். திராட்சையைக் கண்டதும் கேசரியா என்று கேட்பார்கள்.

அடுத்த முறை அவரை உங்கள் வீட்டுக்கு அழைக்கும்போது, ரிடெல் சொன்னபடியே சமைத்து வையுங்கள். தக்காளியும் திராட்சையும் பாதாமும் அவருடையவை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ளுங்கள். அதன்பிறகு அந்தச் சவான்னா கேப்டனின் பெயரைக் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்