லிசியேவில் ஒரு மகளும் அவள் அப்பாவும்

திண்டுக்கல்,
அக்டோபர் 3

அன்புள்ள ரீட்டா,

ஈஸ்டருக்கு நீ எழுதிய கடிதத்துக்கு இப்போதுதான் பதில். திட்ட வேண்டியதைப் போனில் திட்டிக்கொள். இங்கே மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. சின்னராணி மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அதெல்லாம் உன் அக்கா சொல்லியிருப்பாள். எனக்குச் சொல்ல வேண்டியது வேறு.

அப்பாவுக்கு வந்திருப்பது மறதி நோய்தான் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, “மணி அடிச்சாச்சா?” என்று கேட்கிறார். இல்லை என்றால் கட்டிலில் உட்காருவார். ஐந்து நிமிடத்தில் மறுபடியும் அதே கேள்வி. சில நாள் என்னை அம்மா பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். சில நாள், “நீங்க எந்த கிளாஸ் பிள்ளையோட அம்மா?” என்கிறார். நம் இரண்டு பேரையும் கணக்கில் பாஸ் பண்ண வைத்த மனுஷன், ரீட்டா! நேற்று பத்து ரூபாய் நோட்டையும் நூறு ரூபாய் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நல்ல இல்லமாகப் பார்த்துச் சேர்த்துவிடலாம் என்கிறான் அண்ணன். அவன் கெட்டவன் இல்லை, உனக்கே தெரியும். ஆனால் சென்னையிலிருந்து போனில் சொல்லும்போது எல்லாமே சுலபமாகத்தான் தெரியும். தெருவிலோ, நான் வேலைக்குப் போவதால்தான் அப்பாவுக்கு இப்படி ஆயிற்று என்று இப்போதே பேச ஆரம்பித்துவிட்டார்கள். அதைக் கேட்ட அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

இந்த நேரத்தில்தான் முந்தாநாள் சிறுமலர் திருநாள் வந்தது. நாம் சிறுமலர் என்று கூப்பிடுகிற லிசியே தெரேசம்மாள்தான், பிரான்ஸ் நாட்டுக் கன்னியாஸ்திரி, நம் புனிதை. அவர் கைப்பட எழுதிய குறிப்பேடுகளின் மொழிபெயர்ப்பை நான் இரண்டு மாதமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். சுரூபத்தில் ரோஜாவும் சிரிப்புமாக நிற்கிற அந்தப் பிள்ளையின் அப்பாவுக்கு என்ன நடந்தது என்று பள்ளியில் நமக்கு யாராவது சொன்னார்களா? எனக்குக் கோபமே வந்தது.

அப்பா பெயர் லூயி மார்ட்டின். பிரான்ஸில் அலன்சோன் என்ற ஊரில் கடிகாரக் கடை வைத்திருந்தவர், மீன்பிடிப்பதில் பிரியம் உள்ளவர். மனைவி செலி 1877-ல் மார்பகப் புற்றுநோயில் இறந்தபோது கடைசிப் பெண் தெரேசாவுக்கு நாலு வயது. ஐந்து பெண்களையும் கூட்டிக்கொண்டு லிசியேவுக்குக் குடிவந்தார். 1888 ஏப்ரலில் தெரேசா 15 வயதில் அங்கே இருந்த கார்மேல் சபைக் கன்னியர் மடத்துக்குப் போனார். அந்த ஜூனிலேயே அப்பா யாரிடமும் சொல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டார். தேடி அலைந்து லெ ஹாவ்ரில்தான் கண்டுபிடித்தார்கள். 1889 ஜனவரியில் மகள் துறவற ஆடை பெற்ற நாளில் கையைப் பிடித்து அழைத்துப் போகும் அளவுக்கு நன்றாக இருந்தார். ஒரே மாதம்தான். ஏதோ போர் நடப்பதாகவும் பெண்களைக் காப்பாற்ற வேண்டும் என்றும் நினைத்து ரிவால்வரை எடுத்துவிட்டார். மைத்துனர் வந்துதான் சமாதானப்படுத்தினார். அன்றைக்கே கான் நகரத்து மனநோய் மருத்துவமனையில் சேர்த்தார்கள். மூன்று வருஷத்துக்கு மேல் அங்கேதான் இருந்தார்.

ஊர் என்ன பேசியது தெரியுமா? பெண்கள் ஒவ்வொருவராக மடத்துக்குப் போனதால்தான் கிழவருக்குப் புத்தி பேதலித்தது, அதிலும் கடைக்குட்டி போனதுதான் காரணம் என்று. அந்தக் கடைக்குட்டிக்கு 16 வயது. மடத்தின் கம்பிக்கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்க வேண்டியிருந்தது. போய்ப் பார்க்க முடியாது. ஒரு வாய் கஞ்சி கொடுக்க முடியாது. வெளியே இருந்த அக்காமார் செலினும் லெயோனியும் கொஞ்ச காலம் கானிலேயே தங்கினார்கள். அவர்களையும் வாரத்துக்கு ஒரு தடவைதான் பார்க்க விட்டார்கள்.

1892 மே மாதம் லூயியை வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள், நடக்க முடியாத நிலையில். ஒரே ஒரு தடவை மடத்துப் பார்வையாளர் அறைக்குக் கொண்டுவந்தபோது, விடைபெறும் நேரத்தில் விரலை மேலே காட்டி, பரலோகத்தில் பார்ப்போம் என்று எப்படியோ சொல்லியிருக்கிறார். 1894-ல் இறந்தார். அதுவரை கூடவே இருந்து பார்த்துக்கொண்டவள் செலின். அவரை அடக்கம் செய்த பிறகுதான் அவள் மடத்துக்குப் போனாள்.

அப்பாவின் அந்த மூன்று வருஷத்தைப் பற்றிப் பின்னால் எழுதும்போது, தங்கள் வாழ்க்கையிலேயே மிகவும் பலன் தந்த காலம் அது, புனிதர்களின் பரவசங்களையும் வெளிப்பாடுகளையும் கொடுத்தால்கூட மாற்றிக்கொள்ள மாட்டேன் என்கிறார் தெரேசா. இந்த வரியை என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை. எனக்கு அந்த உயரம் இல்லை. ஆனால் சும்மா ஆறுதலுக்கு எழுதிய வரி இல்லை இது என்று தெரிகிறது. ஏன் இப்படி நடந்தது என்ற கேள்வியிலேயே அவர் நின்றுவிடவில்லை. சிலுவைப் பாதையில் அடிபட்டுக் கிடந்த ஆண்டவருடைய முகத்தைப் பார்த்தார், அப்பாவுடைய முகத்தையும் அதிலேயே பார்த்தார். தன் துறவறப் பெயரில் குழந்தை இயேசுவின் பெயரோடு அந்தத் திருமுகத்தின் பெயரையும் அவர் சேர்த்துக்கொண்டது ஆடை பெற்ற அந்த ஜனவரியில்தான்.

என்னைப் பிடித்து உட்கார வைத்த பகுதி வேறொன்று. அதே மடத்தில் சேன் பியேர் என்று ஒரு வயதான கன்னியாஸ்திரி. வாதத்தால் நடக்க முடியாது, யார் என்ன செய்தாலும் திருப்தியும் கிடையாது. சாயங்கால ஜெபத்திலிருந்து சாப்பாட்டு அறைக்கு அவரைக் கூட்டிப்போகும் வேலையை, நோவிசியேட்டில், அதாவது துறவறப் பயிற்சியில், இருந்த தெரேசா தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டார். ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கிழவி மணல் கடிகாரத்தை ஆட்டிக் காட்டுவார். கிளம்பு என்று அர்த்தம். வேகமாக நடந்தால், விழப்போகிறேன் என்பார். மெதுவாக நடந்தால், உன் கையே தெரியவில்லை, விட்டுவிட்டாய், நீ ரொம்பச் சின்னப்பெண் என்று அன்றைக்கே சொன்னேனே என்பார். உட்கார வைத்து, சட்டைக்கையை அவர் சொல்கிற மாதிரியே மடித்துவிட வேண்டும். அந்தக் கையால் ரொட்டியை வெட்ட அவர் சிரமப்படுவதைத் தெரேசா ஒருநாள் கவனித்தார். அதன்பிறகு, யாரும் கேட்காமலே தினமும் ரொட்டியை வெட்டிக் கொடுத்து, ஒரு நல்ல சிரிப்புச் சிரித்துவிட்டுத்தான் போவார். ஒரு குளிர்கால மாலை இப்படிக் கூட்டிப்போகும்போது தூரத்தில் எங்கோ சங்கீதம் கேட்டதாம். விளக்குகள், பட்டுத்துணி, சிரித்துப் பேசும் பெண்கள் என்று ஒரு பெரிய வீடு மனதில் வந்ததாம். பக்கத்திலோ கிழவியின் முனகல். ஆயிரம் வருஷ விருந்துக்குக்கூட இந்தப் பத்து நிமிடத்தைக் கொடுக்க மாட்டேன் என்று எழுதுகிறார்.

ரீட்டா, எனக்கும் ஒரு பத்து நிமிடம் இருக்கிறது, ராத்திரி இரண்டு மணிக்கு. அப்பா கேட்கும்போது “இன்னும் அடிக்கல சார், உட்காருங்க” என்று சொல்லிச் சட்டைப் பட்டனைக் கழற்றிவிடும் நேரம். அந்த நேரத்தில் எனக்குப் பக்தியும் வருவதில்லை, பாசமும் பொங்குவதில்லை. தூக்கம்தான் வருகிறது. ஜெபமாலையில் இரண்டாவது பத்து மணிகளைத் தாண்டுவதே இல்லை. இதைப் பங்குச் சாமியாரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. பார்த்தால், ஜெப நேரத்தில் ஏழு வருஷமாகத் தூங்கிக்கொண்டிருக்கிறேன் என்று தெரேசா எழுதியிருக்கிறார். பிள்ளைகள் தூங்கினாலும் விழித்திருந்தாலும் பெற்றவர்களுக்குப் பிரியம்தானே என்கிறார். தனியாக ஜெபமாலை சொல்வது உடம்பை வருத்தும் தவக்கருவியைப் போட்டுக்கொள்வதைவிடக் கஷ்டம் என்றும் எழுதியிருக்கிறார். திருச்சபை வேதபாரகராக, அதாவது விசுவாசத்தைக் கற்றுத்தரும் பெரிய ஆசிரியராக, அறிவித்த பெண் எழுதியது இது!

கடைசி ஒன்றரை வருஷம் அவருக்கு விசுவாசமே இருட்டிவிட்டது. காசநோய் ஒரு பக்கம், மோட்சம் என்று ஒன்று இல்லவே இல்லை என்ற நினைப்பு இன்னொரு பக்கம். விசுவாசப் பிரமாணத்தைத் தன் ரத்தத்தால் எழுதி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். தான் நம்ப விரும்புவதையே பாடுவதாகச் சொன்னார். 1897 செப்டம்பர் 30-ல் இறந்தபோது வயது 24. பேனா பிடிக்கத் தெம்பில்லாமல் கடைசிப் பக்கங்களைப் பென்சிலால் எழுதியிருக்கிறார்.

நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இப்போதைக்கு அப்பா என்னோடுதான். ராத்திரிக்கு ஒரு ஆள் வைத்துக்கொள்ள அண்ணன் பணம் அனுப்பட்டும், அதுதான் எனக்கு உண்மையான உதவி. பின்னால் என் கையை மீறிப் போனால் இல்லத்தில் சேர்ப்பேன். அப்போது தெரு பேசுவதற்காக அழமாட்டேன். லூயியை மருத்துவமனையில் சேர்த்த குடும்பத்தில் அன்பு குறைவாக இருக்கவில்லை. இதை அண்ணனிடம் சண்டையில்லாமல் சொல்ல வேண்டும். நான் ஆரம்பித்தாலே குரல் உயர்ந்துவிடுகிறது. உன் பேச்சை அவன் சின்ன வயதிலிருந்தே கேட்பான். மஸ்கட்டிலிருந்து ஒரு போன் போடேன், இந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவன் வீட்டில் இருப்பான்.

டிசம்பரில் வருகிற தேதியை முன்கூட்டியே எழுது. பேரீச்சம்பழம் கொண்டுவா, அப்பா இப்போது அதைத்தான் ஆசையாகச் சாப்பிடுகிறார். ஷெரினுக்கும் அவள் அப்பாவுக்கும் என் அன்பு.

உன்,
செல்வி