மரியாதை நடிப்பு என்று எழுதிய தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

மரியாதை வெறும் நடிப்பு, மனிதனை உயர்த்துவது உன்னதம், அதாவது மிகப் பெரிய ஒன்றின் முன் வரும் சிலிர்ப்பு மட்டும்தான் என்று எழுதியிருந்தாய். கடலின் முன்னும் நல்ல இசையின் முன்னும் நீ பேச்சற்றுப் போவதை அறிவேன். அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் மற்றதை இவ்வளவு சுலபமாகத் தள்ளிவிடாதே.

உன்னதத்தின் வேர் அச்சத்தில் இருக்கிறது என்று 1757-இல் எட்மண்ட் பர்க் என்ற சிந்தனையாளர் எழுதினார். கரையில் நின்று பார்க்கும்போதுதான் புயல் சிலிர்க்க வைக்கும். படகில் இருப்பவனுக்கு உயிர்பயம்தான். 1790-இல் ஜெர்மன் தத்துவஞானி இம்மானுவேல் காண்ட் இன்னும் ஒரு படி மேலே போனார். அளவிட முடியாததன் முன் நம் கற்பனை திணறுகிறது, அந்தத் திணறலிலேயே நமக்குள் இருக்கும் பகுத்தறிவின் உயரம் தெரிகிறது என்றார். சரி, இரண்டிலும் ஒன்றைக் கவனி. அந்த அனுபவத்துக்கு எதிரே இன்னொரு ஆள் தேவையில்லை.

மரியாதைக்கு ஆள் வேண்டும். பேசுகிறவரை முடிக்க விடுவது, இல்லை என்று சொல்லும்போதும் முகம் பார்த்துக் காரணத்தோடு சொல்வது, இதெல்லாம் அதில் வரும். மேலே இருப்பவரிடம் காட்டும் பணிவை நான் கணக்கில் சேர்ப்பதில்லை, அதில் பயம் கலந்திருக்கும். யாரால் நமக்கு ஒன்றும் ஆகவேண்டியதில்லையோ, அவரிடம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதைத்தான் பார்ப்பேன்.

நடிப்பு என்றாயே, அதற்கு அதே காண்ட் 1798-இல் பதில் எழுதியிருக்கிறார். இந்த நல்ல பழக்கங்கள் சில்லறைக் காசு, குழந்தைதான் அவற்றைத் தங்கம் என்று நம்பும். ஆனாலும் ஒன்றுமே புழங்காமல் இருப்பதற்குச் சில்லறை புழங்குவது மேல் என்கிறார். நடித்து நடித்தே அந்தக் குணம் உள்ளே ஊறிவிடும் என்பதும் அவர் எண்ணம்.

அப்புறம் அவருடைய கடைசி நாட்கள். 1804 பிப்ரவரியில், இறப்பதற்கு 9 நாட்கள் முன்பு மருத்துவர் பார்க்க வருகிறார். காண்டுக்கு 79 வயது, பார்வை ஏறக்குறைய போய்விட்டது. எழுந்து நின்றவர் உட்காரவில்லை. உடம்பு நடுங்குகிறது, ஏதோ முணுமுணுக்கிறார், ஒன்றும் புரியவில்லை. கூட இருந்தவருக்குத்தான் விளங்கியது: வந்தவர் உட்காராமல் இவர் உட்காரமாட்டார். மருத்துவர் அமர்ந்த பிறகுதான் அமர்ந்தார். மனிதம் என்ற உணர்வு இன்னும் தன்னை விட்டுப் போகவில்லை என்று சொன்னாராம்.

இதை நீ எதில் சேர்ப்பாய்? வந்தவர் முதலில் உட்காரட்டும் என்பது சாதாரண மரியாதை. உடம்பு கைவிட்ட பிறகும் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று படித்தபோது, எந்த மலையும் தராத சிலிர்ப்பு எனக்கு வந்தது.

வள்ளுவர் இன்னும் தூரம் போகிறார். 'பெயக்கண்டும் நஞ்சுண் டமைவர் நயத்தக்க நாகரிகம் வேண்டு பவர்.' நஞ்சை ஊற்றுவதைக் கண்ணால் பார்த்த பிறகும் நாகரிகம் வேண்டுகிறவர்கள் அதைக் குடிப்பார்களாம். அந்தக் குறளோடு எனக்குத் தீராத சண்டை உண்டு. கெடுக்க வந்தவனிடம் மரியாதை எதுவரை போகலாம்? நீ என்ன நினைக்கிறாய், எழுது.

அன்புடன்,
அக்கா