அறுபது அடிக் கிணறும் ஆயிரத்து நூற்று நாற்பது அடித் துளையும்

அன்புள்ள பழனிச்சாமி,

உன் கடிதம் வந்து இருபது நாள் ஆகிவிட்டது. 2024 மார்ச்சில் பெங்களூரில் டாங்கர் லாரிக்காகக் குடத்தோடு காத்திருந்ததை எழுதிவிட்டு, "ஜனத்தொகை இப்படிப் பெருகினால் பூமி எப்படித் தாங்கும்? இரண்டுக்கு மேல் பெற்றால் ரேஷன் கிடையாது என்று சட்டம் போட வேண்டும்" என்று முடித்திருந்தாய். உடனே பதில் எழுதக் கை வரவில்லை. அந்த வாரம்தான் தோட்டத்தில் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போட்டோம்.

இரவு எட்டு மணிக்கு வண்டி வந்தது. முந்நூறு அடியில் கொஞ்சம் ஈர மண் வந்தபோது வண்டிக்காரர் அதை உள்ளங்கையில் வைத்துப் பிசைந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அறுநூறுக்குப் பிறகு வெறும் கல்தூள். ஆயிரம் தாண்டியதும் அம்மா திண்ணையிலிருந்து, "போதும் சாமி, நிறுத்தச் சொல்" என்றார். நான் கேட்கவில்லை. 1,140 அடி வரை இறக்கினோம். விடிந்து பார்த்தால் தென்னை ஓலை, மாட்டுத்தொழுவம், துளசிச் செடி எல்லாவற்றின் மேலும் சாம்பல் நிறத்தில் தூள் படிந்து கிடந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

அதே தோட்டத்தில் அப்பா வெட்டிய கிணறு அறுபது அடி. மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஓட்டியது உனக்கு நினைவிருக்கும். இறைக்கும் சால் மேலே வந்து, அதன் தோல் குழாயான தும்பி வழியாகத் தண்ணீர் வாய்க்காலில் கொட்டும்போது நாம் இருவரும் காலை நீட்டிக்கொண்டு நிற்போம். மாடு களைத்தால் இறைப்பு நின்றுவிடும். ராத்திரி கிணறு ஊறிவிடும். மோட்டாருக்குக் களைப்பு இல்லை. மின்சாரம் இலவசம். அந்த இலவசம் இல்லாவிட்டால் என்னைப் போன்றவர்கள் எப்போதோ நிலத்தை விற்றிருப்போம் என்பதும் உண்மை. ஆனால் உலகம் முழுவதும் நிலத்துக்கு அடியிலிருந்து எடுக்கும் நீரில் ஏறக்குறைய கால் பங்கை நம் நாடு ஒன்றே எடுக்கிறது. அதில் பெரும்பங்கு எங்களைப் போன்ற விவசாயிகளின் வயலுக்குத்தான் போகிறது. இதைக் குறை சொல்வதற்கு முன் என் பங்கையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனி, நீ கேட்ட ஜனத்தொகைக்கு வருகிறேன். நாம் ஐந்தாம் வகுப்பு படித்த 1974-ல் உலகத்தில் 400 கோடிப் பேர். 2022 நவம்பர் 15 அன்று அது 800 கோடி ஆகிவிட்டதாக ஐ.நா. அறிவித்தது. நம் இருவர் வாழ்நாளுக்குள்ளேயே இரட்டிப்பு! இதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நம் பள்ளிக்கூடச் சுவரில் சிவப்பு முக்கோணமும் "நாம் இருவர் நமக்கு இருவர்" என்ற எழுத்தும் இருந்ததே, அந்தப் பள்ளிக்குப் போன மாதம் போயிருந்தேன். நம் வகுப்பில் மட்டும் நாற்பது பேர் தரையில் உட்கார்ந்திருப்போம். இப்போது ஐந்து வகுப்புக்கும் சேர்த்துப் பதினான்கு பிள்ளைகள். அதில் ஆறு பேர் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்த ஒடிசா, பீகார் குடும்பங்களின் பிள்ளைகள். ஒரு ஒடிசாச் சிறுமி எனக்குத் தமிழில் திருக்குறள் ஒப்பித்தாள். அவளும் மற்ற ஐவரும் வராவிட்டால் பள்ளியை மூடியிருப்பார்கள் என்று தலைமையாசிரியை சொன்னார்.

ஊரில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்த அதே ஐம்பது வருடத்தில்தான் தண்ணீர் அறுபது அடியிலிருந்து ஆயிரம் அடிக்குக் கீழே போயிருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்து யோசித்துத்தான் பல நாள் தூங்காமல் கிடந்தேன். வாய்களின் எண்ணிக்கை மட்டும்தான் காரணம் என்றால் என் கிணறு இப்போது நிரம்பி வழிய வேண்டும். ஒரு பருத்திச் சட்டைக்கு, பருத்தி விளைவதிலிருந்து கணக்கிட்டால், சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்கிறார்கள். திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றுக்குக் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்காகக் கட்டிய அணையில் சாயக்கழிவுதான் தேங்கியது. உழவர்கள் வழக்குப் போட்டு, 2011-ல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு அது முற்றியது. அந்தச் சட்டைகளைப் போட்டவர்களில் பெரும்பாலோர் ஒன்றிரண்டு பிள்ளைகளோடு நிறுத்திக்கொண்ட நாடுகளில் இருப்பவர்கள். நம் ஊரில் குறைந்த பிள்ளைகளும் எங்கே போனார்கள்? உன் மகனைப் போலப் பெங்களூருக்குப் போனார்கள். சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து காவிரியை மேட்டுக்கு ஏற்றிக் கொண்டுவந்தும் அங்கே போதவில்லை.

சட்டம் போடச் சொல்கிறாயே, அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77-ல், ஒரே வருடத்தில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கருத்தடை செய்தார்கள். ஏழைகளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போன கதைகளை நாமே கேட்டிருக்கிறோம். உன் அக்காவை நினைத்துப் பார். பதினாறு வயதில் கல்யாணம், ஐந்து பிரசவம். அவர் மகள் நர்ஸ் படிப்பு முடித்து, இருபத்தாறில் கல்யாணம் செய்துகொண்டாள். ஒரே மகன். அவளை எந்தச் சட்டம் மிரட்டியது? 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை, பீகாரில் 3. பெண்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியதும், சத்துணவும், பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையமும் செய்த வேலை அது. எனக்குத் திருக்குறள் சொன்ன அந்தச் சிறுமி பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துவிட்டால் போதும், அவள் வீட்டிலும் அதுவே நடக்கும்.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது அல்லவா? நம் அப்பாக்கள் மனு கொடுத்தே மாய்ந்த திட்டம். பவானி ஆற்றின் உபரி நீர் 1,045 குளம் குட்டைகளுக்கு வருகிறது. நம் ஊர்க் குளத்திலும் தண்ணீர் நின்றது. மூன்று மாதம் கழித்து அப்பாவின் கிணற்றுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். கிழக்குப் பக்கக் கல் இடுக்கில் ஈரம். தொட்டுப் பார்த்தேன், கை நனைந்தது. உபரி நீர்தான், ஆற்றில் மிஞ்சினால்தான் வரும். அதை நம்பி மறுபடி வாழை வைக்க மாட்டேன். இந்த வருடம் சோளமும் நிலக்கடலையும்தான். இனி போர் போடுவதில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

மாசியில் கிணற்றைத் தூர் எடுக்க ஆள் சொல்லியிருக்கிறேன். நாம் குதிக்கும் மேற்குப் படிக்கட்டில் நான்கு கல் பெயர்ந்து கிடக்கிறது, அதையும் எடுத்துக்கட்ட வேண்டும். பேரனைக் கூட்டிக்கொண்டு நீயும் வா. வரும் தேதியை முன்கூட்டியே எழுது. அம்மா உனக்காகக் கம்பு இடித்து வைக்க வேண்டுமாம்.

உன்,
நாச்சிமுத்து